பதினேழாம் எண் ஆரோக்கியசாலி

நோயாளிகளைத் தேடுவது எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், சர்க்கரை நோய்ப் பிரிவு வாசலில் அரைமணி நேரம் நின்றால் பத்துப் பேர் கிடைத்துவிடுவார்கள். திண்டாட்டமெல்லாம் ஆரோக்கியமானவர்களுக்குத்தான். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள், புகை பிடிக்காத, எந்த மாத்திரையும் சாப்பிடாத நாற்பது பேர் வேண்டும். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று மார் தட்டிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேரை முதல் ரத்த அழுத்தப் பரிசோதனையிலேயே நன்றி சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. வெறுத்துப் போய் ஆஸ்பத்திரியின் நான்கு லிஃப்டுகளுக்குள்ளும் நோட்டீஸ் ஒட்டினேன். 'நீங்கள் ஆரோக்கியமானவரா? உங்கள் பத்து மில்லி ரத்தம் எங்களுக்கு உதவும்.'

நான் அப்போது அந்த ஆய்வுக்கூடத்தில் நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. தங்கியிருந்தது விடுதியில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். அங்கே எனக்குப் பட்டப்பெயர் டாக்டர்.

"நாலு வருஷமா டாக்டருக்குப் படிக்குது, ஒரு ஊசி போடத் தெரியாது" என்பார் அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒருநாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு எடுக்காதவர். அதை அவரே வாரம் ஒருமுறை எங்களுக்கு நினைவூட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். "உண்மையிலேயே நீ என்னதான்டி பண்றே அங்கே? யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

"நாம இழுக்கிற மூச்சில ஆக்சிஜன் இருக்கில்ல, அது இல்லாம வாழ முடியாது. ஆனா அதிலேருந்தே உடம்புக்குள்ள சில முரட்டுத் துகள்கள் உண்டாகும். அதை அடக்கி வைக்க உடம்புலயே ஆள் இருக்கு. அடக்க முடியாத அளவுக்குப் பெருகிட்டா, வெட்டி வச்ச ஆப்பிள் பழுப்பாகுதே, அந்த மாதிரி உள்ளே ஒவ்வொண்ணா கெட ஆரம்பிக்கும். சர்க்கரை வியாதி, இதய வியாதி, மூட்டு வியாதி, எல்லாத்துலயும் இதுக்கு ஒரு பங்கு இருக்கு."

"சரி."

"இன்னொண்ணு இருக்கு, நைட்ரிக் ஆக்சைடுன்னு. அது தங்கமான பிள்ளை. ரத்தக் குழாயைத் தளர்த்தி விடும், ரத்தம் சீரா ஓடும். ஆனா அந்த முரடங்கள்ல ஒருத்தனோட கைகோத்துச்சுன்னா, ரெண்டும் சேர்ந்து ஒரு பெரிய போக்கிரியாயிடும். போற வழியில இருக்கிற புரதத்து மேலெல்லாம் ஒரு முத்திரையைக் குத்திட்டுப் போகும். ரத்தத்துல அந்த முத்திரை எவ்வளவு இருக்குன்னு அளக்கிறதுதான் என் வேலை."

அக்கா கை துடைத்துக்கொண்டாள். "சேர்க்கை சரியில்லேன்னா தங்கமும் தகரமாயிடும்னு சொல்றே. இதைக் கண்டுபிடிக்கவா நாலு வருஷம்?"

சோபாவில் சாய்ந்திருந்த அத்தானைப் பார்த்தோம். ஆராய்ச்சி பற்றிய முதல் வாக்கியத்திலேயே அவர் தூங்கிப் போயிருந்தார். குறட்டை ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. எங்களுக்கு அது புதிதல்ல. எங்கள் குடும்பத்தில் அவர் குறட்டைக்கு 'சரக்கு வண்டி' என்று பெயரே உண்டு. நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எப்படியோ நாற்பது ஆரோக்கியசாலிகளும் சேர்ந்தார்கள். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் வருவார்கள். ஆராய்ச்சி நர்ஸ் ரத்தம் எடுத்து, குழாயில் பெயருக்குப் பதிலாக எண்ணை ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்புவார். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் நர்ஸின் அலமாரியில் பூட்டியிருக்கும். நாங்கள் பார்க்கக் கூடாது. பார்த்தால் நம்மையறியாமல் கை ஒரு பக்கம் சாயும் என்பது விதி.

பரிசோதனை நாள் வந்தது. உள்ளங்கை அகலத் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு குழி; முதல் தட்டில் நோயாளிகளில் பாதிப் பேர், ஆரோக்கியசாலிகளில் பாதிப் பேர். முத்திரையைத் தேடிப் பிடிக்கும் மருந்தை ஊற்றி, கழுவி, மறுபடி ஊற்றி, மறுபடி கழுவி, கடைசியில் அமிலம் விட்டால் குழிகள் மஞ்சளாகும். முத்திரை எவ்வளவு அதிகமோ மஞ்சள் அவ்வளவு அடர்த்தி. நோயாளிகளின் பக்கம் பழுத்த எலுமிச்சை நிறம். ஆரோக்கியசாலிகளின் பக்கம் வெளிறிய வைக்கோல் நிறம். நான் நாலு வருடமாகக் கனவு கண்ட தட்டு. அந்த வைக்கோலுக்கு நடுவே இரண்டே இரண்டு குழிகள் மட்டும் நெருப்பு மாதிரி மஞ்சளாக இருந்தன.

எண் பதினேழு.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு முறை ஊற்றிவிட்டேனோ? அதே ஆளின் இரண்டாவது குழாயை உறைபெட்டியிலிருந்து எடுத்து மறுபடி செய்தேன். அதே மஞ்சள். அணுக்கள் உடைந்து, ரத்த மாதிரி கெட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. கொழுப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று காட்டும் இன்னொரு சோதனை உண்டு, அதில் இளஞ்சிவப்பு வரும். அதிலும் பதினேழாம் ஆள்தான் எல்லாரையும்விடச் சிவந்திருந்தார்.

எங்கள் கூடத்தில் புள்ளியியல் பார்ப்பவரை 'புள்ளி' என்றே கூப்பிடுவோம். அவர் கணினித் திரையில் விரல் வைத்தார். "இந்த ஒரு ஆளைத் தூக்கிடு. கோடு பளிச்சுன்னு பிரியும். அடுத்த வாரமே கட்டுரை எழுத உக்காரலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. பேராசிரியை மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் மேலே பார்த்தார்.

"தூக்கு. ஆனா ஏன் தூக்கினேன்னு ஒரு வரி எழுதிட்டுத் தூக்கு. 'எனக்குப் பிடிக்கலை'ங்கிறது காரணம் இல்லை."

"வேற காரணம் இல்லையே மேடம்."

"அப்போ காரணம் அந்த ஆள்கிட்ட இருக்கு. உன் தட்டுல ஒரு மனுஷன் உக்காந்து கையைத் தூக்கி 'ஏதோ சரியில்லை'ங்கிறான். நீ அவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பப் பாக்கிறே." ஒப்புதல் படிவத்தை எடுத்து ஒரு வரியைத் தட்டினார். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிப்போம் என்று நாங்களே எழுதியிருந்தோம். "இந்தச் சோதனையை வச்சு இது இன்ன வியாதின்னு சொல்ல முடியாது. ஆனா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்கன்னு சொல்லலாம் இல்லையா?"

நர்ஸ் அலமாரியைத் திறந்து, பட்டியலைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் பண்ணினார்.

ஒருமணி நேரம் கழித்து என் போன் அடித்தது. அக்கா.

"ஏன்டி, உங்க அத்தானை ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்களாம். ரத்தத்துல என்னவோ இருக்குன்னு. இவரு எப்போ அங்கே ரத்தம் குடுத்தாரு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எந்தப் பிரிவுலேருந்து கூப்பிட்டாங்க?"

"ஏதோ ஆராய்ச்சியாம்."

மாலை வேலை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர், நாள் முழுக்க என் நோட்டீஸுக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

"எத்தனை தடவை படிக்கிறது? நீயும் ஆள் கிடைக்கலைன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புலம்பினே. சரி, நம்ம ரத்தம் சும்மாதானே ஓடிட்டிருக்குன்னு போய்க் குடுத்தேன்."

"சொல்லியிருக்கலாமே அத்தான்."

"சொன்னா வேணாம்பே. சொந்தக்காரங்களை எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா படிவத்துல அதைக் கேக்கவே இல்லையே."

உண்மைதான். கேட்டிருக்கவில்லை. அந்தப் படிவத்தை எழுதியது நான்.

"டாக்டர்கிட்ட போகலாம் அத்தான்."

"எதுக்கு? இருபத்திரண்டு வருஷத்துல..."

"ஒருநாள்கூட லீவு போடலை. தெரியும்" என்றாள் அக்கா. "அந்த ஒருநாளை இப்போ போடுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். இருபது நாற்காலிகள், இருபதிலும் ஆள். சுவரில் இதயத்தின் படம். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, தான் இங்கே தவறுதலாக வந்துவிட்டதுபோல எல்லாரையும் பார்த்தார். நர்ஸ் வந்து நிரப்பச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: குறட்டை விடுவீர்களா?

"இல்லை" என்று எழுதினார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏங்க! இல்லையா?"

"நான் கேட்டதே இல்லையே."

"தூங்கறவருக்கு எப்படிங்க கேக்கும்? ஊருக்கே கேக்குது!"

"சும்மா லேசா மூச்சு சத்தம் வரும். அதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு."

எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். அத்தானின் தலை மெல்லச் சரிந்தது. பேனா விரலிலிருந்து நழுவியது. பிறகு ஆரம்பித்தது சரக்கு வண்டி. எதிர் நாற்காலியில் இருந்த பெரியவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தது. அக்கா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

திடீரென்று சத்தம் நின்றது.

நெஞ்சு மட்டும் ஏறி இறங்க முயன்றது. காற்று உள்ளே போகவில்லை. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறை முழுக்க அமைதி. பத்து நொடி. இருபது. யாரோ, "என்னங்க, மூச்சையே காணோம்" என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். இருபத்தெட்டாவது நொடியில் அத்தான் ஒரு பெரிய செருமலோடு உடம்பை உலுக்கிக்கொண்டு விழித்தார். அறையில் இருந்த மற்ற பத்தொன்பது பேரும் அவருக்காகச் சேர்த்து மூச்சு விட்டார்கள்.

"என்ன? நம்ம பேரைக் கூப்பிட்டாங்களா?" என்றார் அத்தான்.

எனக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. மூச்சு அடைக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் சரிகிறது. திரும்ப மூச்சு வரும்போது வெள்ளமாகப் பாய்கிறது. அப்படிச் சரிந்து சரிந்து பாயும் ஒவ்வொரு முறையும் அந்த முரட்டுத் துகள்கள் கூட்டமாகக் கிளம்பும் என்று நானே ஒரு கருத்தரங்கில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இதே சத்தத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மஞ்சள் தட்டு தேவைப்பட்டிருக்கிறது.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. உள்ளே போனதும் சிரித்தார். "உக்காருங்க. கதவு மூடியிருந்தாலும் உங்க குரல் எனக்கு அறிமுகமாயிடுச்சு." தொண்டையைப் பார்த்தார். அழுத்தம் பார்த்தார், எல்லைக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம். அளவு நாடாவால் கழுத்தை அளந்தார். பிறகு எந்தெந்த நேரத்தில் தூக்கம் வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்.

"டிவி பாக்கும்போது தூங்கிடுவீங்களா?"

"இல்லை."

"ஆமா" என்றாள் அக்கா.

"பஸ்ல போகும்போது?"

"இல்லை."

"ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்குவாரு டாக்டர்."

"யாராவது பேசிட்டிருக்கும்போது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"ராத்திரியில நீங்க பக்கத்துலதான் படுக்கறீங்களா?" என்று மருத்துவர் அக்காவிடம் கேட்டார்.

அக்கா சற்றுத் தயங்கினாள். "ஆறு வருஷமா ஹால்லதான் டாக்டர். யார்கிட்டயும் சொன்னதில்லை. நல்லாவா இருக்கும்?"

எனக்கும் அது தெரியாது. அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"வேலையில?" என்றார் மருத்துவர்.

அத்தான் குனிந்து தன் கையைப் பார்த்தபடி சொன்னார். "லிஃப்ட் பெட்டி மேல ஏறி நின்னு வேலை பாப்போம். ஒரு ஆள் மேலே மோட்டார் ரூம்ல இருப்பான், நான் பெட்டி மேல. போன மாசம், அவன் குரல் குடுக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்படியே தூங்கிட்டேன். அவன் மூணு தடவை கூப்பிட்டிருக்கான். பதில் வரலைன்னு பெட்டியை நகத்தாம இறங்கி வந்து பாத்திருக்கான். நகத்தியிருந்தா..." மீதியைச் சொல்லாமல் பேண்டில் உள்ளங்கையைத் துடைத்தார். "அன்னைக்குத்தான் நோட்டீஸைப் பார்த்தேன். 'நீங்கள் ஆரோக்கியமானவரா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னு யாராவது எழுதிக் குடுத்துட்டா தேவலைன்னு தோணிச்சு. அதுவும்தான் காரணம்."

அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி மூச்சு அடைபடறதாலதான் பகல்ல தூக்கம் அழுத்துதுன்னு நினைக்கிறேன். இது சரி பண்ணக்கூடியதுங்க" என்றார் மருத்துவர். "உங்க ரத்தம் உங்களை மாட்டி விட்டது நல்லதாப் போச்சு."

விரலில் மாட்டும் சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே தூங்கி எழுந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். முடிவு வந்தது: மணிக்கு நாற்பத்தோரு முறை மூச்சு தடைப்படுகிறது. அத்தான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ நான் தூங்கவே இல்லையே. சும்மா படுத்துக்கிட்டு மூச்சோட மல்லுக்கட்டியிருக்கேன்" என்றார். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத துல்லியமான விளக்கம்.

மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் வந்தது. மெக்கானிக் ஆயிற்றே, முதல் வேலையாகத் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா பிடுங்கி ஒளித்து வைத்தாள். மறுநாள் காலை எனக்கு அக்காவிடமிருந்து போன்.

"தூங்கவே இல்லைடி."

"அத்தானா?"

"அவரு குழந்தை மாதிரித் தூங்கினாரு. நான்தான். ஒரு சத்தம் இல்லை. உசிரோட இருக்காரான்னு பயந்து எழுந்து எழுந்து நெஞ்சு மேல கையை வச்சுப் பாத்தேன்."

நான்காவது நாள் அவளும் தூங்கினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு ஹாலில் இருந்த தலையணை உள்ளறைக்குப் போனது. அதைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேறு வேலை காத்திருந்தது. "ஒரு சரக்கு வண்டி வந்துச்சுன்னா மிச்சம் முப்பத்தொன்பதுல எத்தனை இருக்கோ?" என்றார் மேடம். எல்லாரிடமும் மறுபடி போய்த் தூக்கத்தைப் பற்றிக் கேட்டோம். இந்த முறை அவர்களிடம் மட்டும் கேட்கவில்லை, வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டோம். மேலும் மூன்று பேர் அகப்பட்டார்கள். அதில் ஒருவர், ஆள் பற்றாக்குறையில் தன் கையையும் நீட்டியிருந்த நம்ம புள்ளி. அவர் மனைவி போனில் ஐந்து நிமிடம் பேசினார். "கேக்க ஒரு ஆள் வந்தீங்களேம்மா" என்று ஆரம்பித்து. நான்கு பேரையும் ஆரோக்கியசாலிகள் பட்டியலிலிருந்து எடுத்தோம், ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதி. படிவத்தில் இரண்டு கேள்விகள் கூடின: குறட்டை உண்டா, ஆய்வுக்கூடத்தில் சொந்தக்காரர் உண்டா. என் பட்டம் ஐந்து மாதம் தள்ளிப் போனது. அந்த ஐந்து மாதமும் நான் மேடத்தை மனதுக்குள் திட்டினேன், புள்ளியும் என்னோடு சேர்ந்து திட்டினார். ஆனால் அவருக்கும் ஒரு மூச்சு இயந்திரம் வந்த பிறகு, புள்ளி மதியம் மேசையில் தலை சாய்ப்பது நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து அத்தான் மறுபடி வந்து கையை நீட்டினார். அந்த மாதிரியை நான் தொடக் கூடாது என்று சக மாணவியிடம் கொடுத்துவிட்டேன். தட்டு தயாரானதும் அவள் கூப்பிட்டாள். வைக்கோல் நிறம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கூடுதல் மஞ்சள்தான். ஆனால் பழைய நெருப்பு இல்லை. ஒரே ஒரு மனிதரின் இரண்டு தட்டுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று புள்ளி கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "இருந்தாலும் நல்லாயிருக்கு" என்றார்.

அத்தானுக்கு நிறத்தைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. வேலையில் இப்போது குரல் கொடுத்தால் உடனே பதில் வருகிறதாம், மேலே இருப்பவன் சொல்கிறான்.

பட்டம் கிடைத்த வாரம் என்னைக் கொண்டாடுவதற்காக மூன்று பேரும் மதியக் காட்சி சினிமாவுக்குப் போனோம். அத்தான் சினிமா என்றால் எப்போதும் நல்ல வார்த்தைதான் சொல்வார். எந்தப் படத்தைக் கேட்டாலும் "அருமையான படம்" என்பார். அன்றைக்கு விளக்கு அணைந்து பத்து நிமிடத்தில் ஆரம்பித்தார்.

"இவன் ஏன் போலீஸ்ல போய்ச் சொல்லலை?"

"சும்மா பாருங்க."

"இல்லை, கையில போன் இருக்கில்ல? அடிச்சா முடிஞ்சுது."

வில்லன் லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் காட்சி வந்ததும் அவரைப் பிடிக்க முடியவில்லை. "கம்பிவடம் அப்படியெல்லாம் அறுந்துடாது! அஞ்சாறு வடம் இருக்கும்! ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்! இதுகூடத் தெரியாம யாரு படம் எடுக்கறாங்க?" முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். ஒருவர் மட்டும், "அப்படியாங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார். அது போதாதா? இடைவேளை வரைக்கும் அவருக்கு லிஃப்ட் பாடம் நடந்தது.

படம் முடிந்து வெளியே வெயிலுக்கு வந்தோம். அத்தான் சுறுசுறுப்பாக முன்னால் நடந்தார், கைகளை வீசிக்கொண்டு, கதையில் இன்னும் எட்டு ஓட்டைகள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு. அக்கா என் காதில் முணுமுணுத்தாள்.

"இத்தனை வருஷமா இந்த மனுஷன் பாத்த படமெல்லாம் எப்படி அருமையா இருந்துச்சுன்னு இப்பதான்டி புரியுது."

சொல்லிவிட்டு, அவர் என்ன ஓட்டை சொல்கிறார் என்று கேட்பதற்காக எட்டி நடை போட்டுப் போய் அவரோடு சேர்ந்துகொண்டாள்.